குறையில்லாத விண்ணப்பம்

விதி இதுதான்: இணைவு பெற்ற கல்லூரி ஒன்று, மாணவர் சேராத பாடப்பிரிவின் இடங்களை ஒப்படைத்து, அதற்கு ஈடாக வேறொரு பாடப்பிரிவு கேட்டு, எல்லா இணைப்புகளோடும் விண்ணப்பித்தால், பல்கலைக்கழகம் அறுபது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இந்த விதியின் வரைவைத் தட்டச்சுக்கு அனுப்பியவன் நான். அறுபதா, தொண்ணூறா என்று இரண்டு கூட்டங்களில் பேசி அறுபது என்று முடிவு செய்தோம். இரண்டாவது கூட்டத்தில் பஜ்ஜி கொடுத்தார்கள். அதனால்தான் குறைந்த எண் வந்தது என்று எங்கள் பிரிவில் ஒரு பேச்சு உண்டு.

ஓய்வு பெற்று ஒரு வருடம் திருவள்ளூரில் வீட்டில் இருந்தேன். மளிகைப் பட்டியலை இரண்டு பிரதி கேட்டேன் என்று என் மனைவி இன்னும் எல்லோரிடமும் சொல்கிறாள். அப்போதுதான் ஊத்துக்கோட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருக்கும் ஒரு சிறிய கலை அறிவியல் கல்லூரியின் தாளாளர் வந்தார். நெல்வயலும் அரிசி ஆலையும் உள்ள குடும்பம். கல்லூரி, ஆலையின் பழைய கிடங்கில் தொடங்கியது.

"நீங்க அந்தப் பக்கம் உக்காந்துகினு எங்களை அலைய விட்டீங்க. இப்ப இந்தப் பக்கம் வந்து உக்காந்து பாருங்க சார்" என்றார். இதைவிட நேர்மையான பணி நியமன உத்தரவு எனக்கு வந்ததில்லை. மறுத்துவிடு என்று மனைவி சொல்லவில்லை. அன்று மாலையே டிபன் பாக்ஸ் வாங்கி வந்துவிட்டாள்.

முப்பத்து நான்கு வருடம் கல்லூரிகளுக்கு இணைவு கொடுக்கும் பிரிவில் இருந்தவன் நான். கல்லூரி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இத்தனை ஏக்கர், இத்தனை அறை, இத்தனை நூல். நிர்வாக அலுவலராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே குழம்பிவிட்டேன்.

பெயர்ப்பலகையைக் கூர்ந்து பார்த்தால் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் பழைய எழுத்துகள் தெரியும். முதலில் தட்டச்சுப் பயிலகம். பிறகு கணினி மையம். ஊரெல்லாம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்த காலத்தில் இவர்களும் திறந்தார்கள். ஊரெல்லாம் மூடியபோது இவர்களும் மூடி, கட்டடத்தைக் கல்லூரி ஆக்கினார்கள். சுவரில் மழலையர் பாடத்துக்காக வரைந்த யானை ஒன்று இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழேதான் இப்போது வணிகவியல் முதுகலை நடக்கிறது. கலையரங்கம் முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு போட்டித் தேர்வுக்கு மையம். ஒரு தடவை பருவத் தேர்வும் முகூர்த்தமும் ஒரே நாளில் வந்துவிட்டன. மேளம் அடித்தபடி மாப்பிள்ளை உள்ளே வர, வினாத்தாள் கட்டை உடைக்கக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தேர்வெழுதிய பையன்களுக்குப் பந்தியில் இடம் கொடுத்தார்கள். எந்த விதியின் கீழ் அதை ஆட்சேபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் சாப்பிட்டேன்.

மாணவர் கட்டணத்தை மட்டும் நம்பினால் இந்தக் கல்லூரி இரண்டு வருடம் தாண்டாது என்பது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. அந்த வருடம் பெரிய ஓட்டை கணிதப் பிரிவு. பல்கலைக்கழகம் அனுமதித்த இடங்கள் நாற்பது. மூன்றாம் ஆண்டில் நான்கு பேர், இரண்டாம் ஆண்டில் இரண்டு பேர், முதல் ஆண்டில் யாருமே இல்லை. பதினோரு வருடமாக அந்தப் பிரிவை ஓர் அம்மாதான் தாங்கிக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு ஆசிரியர்களும் பள்ளி வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். கணவரும் இரண்டு பிள்ளைகளும் பெரியபாளையத்தில். நாற்பத்தாறு வயது. இந்த வேலை போனால் இன்னொரு கல்லூரியில் சேரும் வயது தாண்டிவிட்டது, பள்ளியில் சேரத் தேவையான பி.எட். பட்டம் இல்லை.

அதே சமயம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் மனிதவள மேலாளர் தாளாளரைப் பார்க்க வந்தார். அவருக்கு வேறு கவலை. விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் ஒரு வருடத்தில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். பழக்கி முடிப்பதற்குள் போய்விடுகிறார்கள்.

"மூணு வருஷ டிகிரி ஒண்ணு குடுங்க சார். படிப்பு இருக்குன்னா மூணு வருஷம் இருப்பாங்க. ஃபீஸ் நாங்க கட்டிடறோம், பஸ் நாங்க விடறோம்" என்றார். கிடங்குகளும் கன்டெய்னர்களும் நிறைந்த ஊர் என்பதால் பி.காம். லாஜிஸ்டிக்ஸ் என்று அவரே ஒரு பெயரும் சொன்னார்.

அவர் போனபின் தாளாளர் என்னைப் பார்த்தார். "கணக்கைக் குடுத்துட்டு லாஜிஸ்டிக்ஸ் வாங்க முடியுமா சார்?"

முடியும். விதி இருக்கிறதே. பிப்ரவரியில் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தைத் தயாரித்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒவ்வொன்றிலும் எண், ஒவ்வொரு இணைப்புக்கும் வண்ணக் கொடி. முப்பத்து நான்கு வருடம் நான் மற்றவர்களிடம் கேட்டுக் கிடைக்காத விண்ணப்பம் அது. இணையதளத்திலும் ஏற்றினேன். 'பெறப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. எண் எதுவும் வரவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

கணிதப் பிரிவை ஒப்படைப்பதற்கு அந்தப் பிரிவின் தலைவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் என் காலத்து விதி. அந்த அம்மாவிடம் தாளை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா நான் என்ன ஆவேன் சார்?"

"லாஜிஸ்டிக்ஸுக்கு வணிகக் கணிதம் என்று ஒரு தாள் உண்டு. வாரத்துக்கு நாலு மணி நேரம்."

"நாலு மணி நேரத்துக்கு ஒரு முழு ஆளை வெச்சிப்பாங்களா?"

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. கையெழுத்தைப் போட்டு, தேதியும் போட்டு, "நாப்பத்தேழாம் பக்கத்துல இருக்கேன்" என்று பக்க எண்ணைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

மார்ச், ஏப்ரல் போயின. அறுபது நாள் முடிந்த அன்று நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. பிளஸ் டூ முடிவு வந்தது. மற்ற கல்லூரிகள் ஊத்துக்கோட்டைப் பேருந்து நிலையத்திலேயே மேசை போட்டு ஆள் பிடித்தன. பள்ளிப்பட்டு வரைக்கும் அவர்கள் துண்டறிக்கை பறந்தது. நாங்கள் லாஜிஸ்டிக்ஸ் என்று அச்சடித்த துண்டறிக்கைக் கட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தோம். அனுமதி வராமல் விளம்பரம் செய்யக் கூடாது. அந்த விதியை மீறிய எத்தனையோ கல்லூரிகளுக்கு நான் விளக்கம் கேட்டு எழுதியவன்.

தாளாளர் தினமும் காலையில் என் அறை வாசலில் நிற்பார். "இன்னா சார், உங்க ஆபீசு இன்னா சொல்லுது?"

"பரிசீலனையில் இருக்கும்."

"இருக்குதா, இருக்குமா?"

ஜூன் முதல் வாரம் நேரில் போனேன். என் பழைய நாற்காலியில் என்னிடம் பயின்ற பிரிவு அலுவலர் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று வரவேற்றார், டீ சொன்னார். கோப்பு எண் என்ன என்று கேட்டார். இல்லை என்றேன். கணினியில் தேடினார், நிலுவைப் பட்டியலில் தேடினார். எங்கள் கல்லூரி எதிலும் இல்லை. கடைசியில் அலமாரியின் மேல்தட்டில், என் வண்ணக் கொடிகள் கசங்காமல், விண்ணப்பம் அப்படியே இருந்தது.

"ஏன் எண் போடவில்லை?"

அவர் தயங்கினார். "முதல் கடிதம் வெளியே போகும்போதுதான் சார் எண் போடுவோம். குறை இருந்தா குறைகேட்புக் கடிதம் போகும், எண் விழும், கோப்பு திறக்கும். இதுல குறையே இல்லை. என்ன கடிதம் போடறதுன்னு எழுத்தருக்குத் தெரியலை."

"யார் இப்படி ஒரு முறையை வைத்தது?"

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். கையெழுத்து என்னுடையது.

நினைவுக்கு வந்தது. ஒரு வருடம் நிலுவைக் கோப்புகள் மிக அதிகம் என்று மேலிடத்தில் திட்டினார்கள். எண் இருந்தால்தானே நிலுவை? முதல் கடிதம் போகும்வரை எண் தர வேண்டாம் என்று எழுதினேன். அடுத்த மாதமே நிலுவை பாதியாகக் குறைந்தது. பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதை வீட்டில் எங்கோ வைத்திருக்கிறேன்.

டீயைக் குடித்தேனா என்று நினைவில்லை. ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றையே திரும்பத் திரும்ப யோசித்தேன். என் காலத்தில் எல்லா விண்ணப்பமும் குறையோடுதான் வந்தன. கல்லூரிக்காரர்களுக்கு ஒரு பட்டியலைப் பார்த்துத் தாள்களை அடுக்கக்கூடத் தெரியவில்லை என்று நான் எத்தனை முறை சலித்துக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் அலுவலக எழுத்தர் அம்மாவிடம் சொன்னேன். இதற்கு முன் இரண்டு கல்லூரிகளில் வேலை பார்த்தவர். ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றிக்கொண்டே கேட்டார். நான் சொல்லி முடித்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயே, முழுசாவா அனுப்பினீங்க? ஒரு பேப்பரை எடுத்து வெச்சிக்கினு அனுப்பணும் சார். பத்து நாள்ல 'இது எங்கே'ன்னு லெட்டர் வரும். அப்புறம் அனுப்பணும். எல்லா காலேஜும் அப்படித்தான் பண்ணுது. நாங்க தீயணைப்புத் துறை சர்டிபிகேட்டைத்தான் எடுத்து வெப்போம், அதான் ஸ்டிராங்கு."

"இதை ஏன் பிப்ரவரியில் சொல்லவில்லை?"

"நீங்க பெரிய ஆபீசரு. உங்களுக்குத் தெரியாதான்னு இருந்தேன்."

இப்போது என்ன செய்வது? விண்ணப்பம் முழுமையாக அங்கே இருக்கிறது. அதில் ஒரு குறையை இங்கிருந்து எப்படி உண்டாக்குவது? இரண்டு நாள் யோசித்து, ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் விண்ணப்பத்தில் நாற்பத்தேழாம் பக்கம் தவறுதலாக விடுபட்டுவிட்டது, மன்னிக்கவும், இத்துடன் இணைத்துள்ளோம் என்று. வாழ்க்கையில் நான் அதிகாரபூர்வமாக எழுதிய முதல் பொய். அதற்காக அந்தக் கணித அம்மாவிடமே மறுபடி கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

"ஒரு தடவை வெட்டினது பத்தலையா சார்?" என்று கேட்டுக்கொண்டே போட்டார்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. 'நாற்பத்தேழாம் பக்கம் இருமுறை பெறப்பட்டுள்ளது. விளக்கம் தருக.' மேலே வலது மூலையில், கோப்பு எண். இதைப் பதில் என்று சொல்ல முடியாது, இது கேள்வி. ஆனாலும் தாளாளர் அந்த எண்ணைத் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அன்றே விளக்கம் எழுதி அனுப்பினேன்.

அதற்குள் ஜூலை பிறந்துவிட்டது. மனிதவள மேலாளர் போன் செய்து, வேறு கல்லூரி பார்க்கலாமா என்று மரியாதையாகவே கேட்டார். தாளாளர் கலையரங்கப் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "போன வருஷமே நிலத்துல ஒரு பங்கை வித்துதான் சம்பளம் போட்டேன் சார். இந்த வருஷம் எதை விக்கிறது?"

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கணித அம்மா யாரிடமும் சொல்லாமல் கும்மிடிப்பூண்டிக்குப் போய், அந்த நிறுவனத்தின் பெண்கள் விடுதியில் அரை நாள் இருந்திருக்கிறார். திங்கட்கிழமை காலை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் அறைக்கு வந்தார். முப்பத்தாறு பெயர்கள். எல்லோரும் பிளஸ் டூவில் கணிதம் எடுத்தவர்கள். ஊத்துக்கோட்டைப் பக்கம், பள்ளிப்பட்டுப் பக்கம், ஆந்திர எல்லைக் கிராமங்கள். மதிப்பெண்ணும் எழுதியிருந்தார்.

"டிகிரின்னாங்களே தவிர எந்த டிகிரின்னு அந்தப் பொண்ணுங்களை யாரும் கேக்கலை சார். கணக்கா, லாஜிஸ்டிக்ஸான்னு நான் கேட்டேன். லாஜிஸ்டிக்ஸ்னா இன்னான்னு கேட்டாங்க. இப்ப பேக்கிங்ல பண்றீங்களே, அதையே மூணு வருஷம் படிக்கிறதுன்னு சொன்னேன்."

"அது சரியான விளக்கம் இல்லையே."

"தப்பான விளக்கமும் இல்லை சார். கணக்கு படிச்சா டீச்சர் ஆகலாம், பேங்க் பரீட்சை எழுதலாம்னு சொன்னேன். நம்மகிட்ட நாப்பது இடம் அனுமதியோட சும்மா கிடக்குது. இருக்கா இல்லையா?"

இருக்கிறது. விண்ணப்பத்துக்குப் பதில் வராதவரை கணிதம் எங்களுடையதுதான். வகுப்பை மாலை மூன்று மணிக்கு வைக்கலாமா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். வகுப்பு நேரம் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இத்தனை வருடம் அந்தப் புத்தகத்தோடு வாழ்ந்தும் அதை நான் கவனித்ததில்லை. மனிதவள மேலாளருக்குப் போன் செய்தோம். "டிகிரி டிகிரிதானே சார்" என்றார். அந்தப் பெண்களை முதல் ஷிப்டிலேயே வைத்துக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டார்.

ஜூலை கடைசி வாரம் நிறுவனத்தின் பஸ் முதல்முறையாகக் கல்லூரி வாசலில் நின்றது. நீலச் சீருடை, மேலே துப்பட்டா, கையில் டிபன் பாக்ஸ். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை நின்று வேலை செய்துவிட்டு வந்தவர்கள். வராந்தாவில் நின்று பார்த்தேன். பாதிப் பேருக்குத் தலை தொங்கியது.

"தூங்காதீங்கம்மா" என்றார் கணித அம்மா.

"தூங்கலை மேடம். கண்ணை மூடிக்கினு யோசிக்கிறேன்" என்றாள் கடைசி வரிசைப் பெண்.

"யோசிச்சு இன்னா வந்தது?"

"நீங்க மூணாவது வரியில மைனஸ் போடலை மேடம்."

அம்மா திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தார். போடவில்லைதான். வகுப்பே சிரித்தது. எனக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. இது கல்லூரியா, ஆளை மூன்று வருடம் கட்டிப்போடும் ஏற்பாடா என்பதும் புரியவில்லை. இரண்டும்தான் என்று எழுத்தர் அம்மா சொன்னார். அவர் மகளும் ஒரு காலத்தில் அதே தொழிற்பேட்டையில் இருந்தவள்.

மறுநாளே எங்கள் பழைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். கணிதப் பிரிவை ஒப்படைக்கவில்லை, லாஜிஸ்டிக்ஸ் வேண்டாம், கோப்பை முடித்துவிடவும் என்று. தீர்மான நகல், தாளாளர் கையெழுத்து, எல்லாம் வைத்தேன். பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தபிறகுதான் எழுத்தர் அம்மா கேட்டார்.

"இதையும் முழுசாவா அனுப்பினீங்க?"

முழுசாகத்தான் அனுப்பியிருந்தேன். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். அந்தக் கடிதம் எந்தத் தட்டில் கிடந்ததோ தெரியாது. பருவத் தேர்வுக்குக் கட்டணம் கட்டினோம். கணித அம்மா வகுப்புக்கு இரண்டு ஃபிளாஸ்க் டீ கொண்டு போகத் தொடங்கினார். முப்பத்தாறில் இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், மூன்று பேர் புதிதாக வந்தார்கள்.

தீபாவளி முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, பல்கலைக்கழகத்தின் உறை வந்தது. தாளாளர், கணித அம்மா, எழுத்தர் அம்மா மூவரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். படித்தேன். கல்லூரியின் கோரிக்கை ஏற்கப்படுகிறது. பி.காம். லாஜிஸ்டிக்ஸ் நாற்பது இடங்களுடன் அனுமதிக்கப்படுகிறது. அதற்கு ஈடாகக் கணிதப் பிரிவு ஒப்படைக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். நடப்புக் கல்வியாண்டு முதல் கணிதத்தில் சேர்க்கை செல்லாது.

கலையரங்கத்தில் யாரோ சீர்வரிசைத் தட்டு வாடகை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அந்தப் பொண்ணுங்க?" என்றார் கணித அம்மா. தன்னைப் பற்றிக் கேட்கவில்லை.

"லாஜிஸ்டிக்ஸும் வந்துடுச்சி, கணக்கும் இருக்குது. ரெண்டையும் வெச்சிக்க முடியாதா சார்?" என்றார் தாளாளர். எந்தச் சூழ்நிலையிலும் அவர் கேட்கும் கேள்வி அது.

"முடியாது."

மறுபடி படித்தேன். கடைசிப் பத்தியில், எல்லோரும் படிக்காமல் விடும் சின்ன எழுத்தில் இருந்தது. உத்தரவு கிடைத்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் கல்லூரி தன் ஏற்புக் கடிதத்தை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இந்த இடமாற்றம் கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டு, பழைய பாடப்பிரிவு அப்படியே தொடரும்.

இரண்டு தடவை உரக்கப் படித்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"அப்படின்னா?" என்றார் கணித அம்மா.

"நாம் பதில் எழுதக் கூடாது. முப்பது நாள். நினைவூட்டல் வந்தாலும் எழுதக் கூடாது. வேறு வழியில் கேட்டாலும் எழுதக் கூடாது."

தாளாளர் யோசித்தார். ஒரு நல்ல பாடப்பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு விடுவது அவருக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது. ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். மூன்று மணி ஆகப்போகிறது. நிறுவனத்தின் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

"சும்மா இருக்கறதுதானே சார்? இருந்துடலாம்" என்றார். பிறகு எழுத்தர் அம்மாவிடம், "இவரு கையில பேனா குடுக்காதே" என்றார்.

கணித அம்மா ஃபிளாஸ்க்குகளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். படியில் இறங்கும்போது ஒன்று கைப்பிடியில் இடித்த சத்தம் கேட்டது.

எழுத்தர் அம்மா தபால் பதிவேட்டைத் திறந்து வரிசை எண் போட்டார், அனுப்புநர் பெயர் எழுதினார், பொருள் என்ற இடத்தில் 'உத்தரவு' என்று மட்டும் எழுதினார். கிடைத்த நாள் என்ற கட்டத்தில் வந்து நின்றார். அன்றிலிருந்துதான் முப்பது நாள் எண்ண வேண்டும்.

"இன்னா தேதி சார் போடறது?"

நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்து, விரல்விட்டு எண்ணி, கெடு முடியும் நாளையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, அன்றைய தேதியையே சொன்னேன். நவம்பர் பதினொன்று.